பன்னிரண்டு ராத்தல், பன்னிரண்டு அந்தர்: சிறிய கப்பல் பீரங்கிகள் பற்றி ஓர் எளிய அறிமுகம்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரிட்டிஷ் கடற்படையில் மிகப் பரவலாக இருந்த பீரங்கிகளில் ஒன்றின் பெயர் ‘12 ராத்தல், 12 அந்தர்’. முதல்முறை கேட்பவருக்கு மளிகைக் கடைச் சீட்டு மாதிரிதான் தோன்றும். உண்மையில் அதில் எடைக் கணக்கு இரண்டு இருக்கிறது. முதல் எண் குண்டின் எடை. ராத்தல் என்பது பவுண்டு, 454 கிராம். இரண்டாவது எண் குழலும் அதன் பின்கதவும் சேர்ந்த எடை. அந்தர் என்பது 112 ராத்தல், அதாவது 50.8 கிலோ. ஆக, 12 அந்தர் ஏறக்குறைய 610 கிலோ. குண்டின் சரியான எடை 12.5 ராத்தல், அதாவது சுமார் 5.7 கிலோ.

எதற்கு இரண்டு எண்கள்? அதே எடையுள்ள குண்டை, அதே 3 அங்குல (76 மி.மீ.) துளை வழியாக வீசும் பீரங்கிகள் மூன்று வகை இருந்தன. 8 அந்தர் பீரங்கி குட்டையானது. சக்கரவண்டியில் ஏற்றிக் கரைக்கு இழுத்துப்போக ஏற்றது. 12 அந்தர் பீரங்கிதான் எல்லா வேலைக்குமானது. 18 அந்தர் பீரங்கி நீளமும் கனமும் கூடியது. பெரிய போர்க்கப்பல்களுக்குப் போனது. குழல் நீண்டு தடித்தால் கூடுதல் வெடிமருந்து போடலாம், குண்டு வேகமாகப் போகும். நீளத்தைத் துளையின் விட்டத்தால் அளப்பது வழக்கம். 12 அந்தர் குழலின் நீளம் 40 விட்டம். 3 அங்குலத்தை 40-ஆல் பெருக்கினால் 120 அங்குலம், சுமார் 3 மீட்டர். ஜெர்மானியர் இந்த ராத்தல் குழப்பத்துக்குள் போகவே இல்லை. துளையைச் சென்டிமீட்டரில் சொல்லி, பக்கத்தில் நீளத்தைப் போட்டார்கள்: 10.5 செ.மீ., 40 விட்டம். படிக்க இதுதான் சுலபம்.

‘சிறிய’ பீரங்கி என்று எதைச் சொல்வது? கறாரான எல்லைக்கோடு எதுவும் கிடையாது. நடைமுறையில் ஒரு சோதனை உண்டு. ஆடும் தளத்தில் நின்று ஒரே ஆள் குண்டைத் தூக்கி, கையாலேயே உள்ளே தள்ள முடிகிறதா? எந்திர உதவி இல்லாமல் பீரங்கியைக் கையால் திருப்ப முடிகிறதா? இரண்டுக்கும் ‘ஆம்’ என்றால் சிறியது. 37 மி.மீ. (1 ராத்தல்), 47 மி.மீ. (3 ராத்தல்), 57 மி.மீ. (6 ராத்தல்), 76 மி.மீ. (12 ராத்தல்), கடைசியாக 31 ராத்தல் குண்டு வீசும் 4 அங்குலம். இதற்கு மேல் 6 அங்குலத்துக்கு வந்தால் குண்டு 100 ராத்தல், 45 கிலோ. அதையும் கையால் தூக்கினார்கள்தான். ஆனால் சில நிமிடங்களில் ஆட்கள் தளர்ந்துவிடுவார்கள்.

37 மி.மீ. என்ற விசித்திர அளவுக்குப் பின்னால் ஓர் ஒப்பந்தம் இருக்கிறது. 400 கிராமுக்குக் குறைந்த எடையில் வெடிகுண்டு வீசக் கூடாது என்று 1868-இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்கில் நாடுகள் அறிக்கை வெளியிட்டன. அந்த எடையைச் சட்டப்படி தாண்டும் குண்டுக்கு ஏறத்தாழ 37 மி.மீ. துளை போதும்.

எல்லாம் டார்பிடோவால் வந்தது

பெரிய பீரங்கிகள் ஏற்கெனவே இருந்தபோது இந்தச் சிறியவை எதற்கு? டார்பிடோ என்பது தண்ணீருக்கடியில் தானாக ஓடிப்போய்க் கப்பலைத் தாக்கும் வெடிகுண்டு. 1870-களில் அதை ஏவும் டார்பிடோ படகுகள் வந்தன. விலை குறைந்த, சின்ன, வேகமான படகு. இருட்டில் நெருங்கி வந்து ஒரு டார்பிடோவை விட்டால் பல்லாயிரம் டன் கப்பல் மூழ்கிப்போகும். அன்றைய பெரிய பீரங்கி ஒருமுறை சுட்டு அடுத்த குண்டு போட நிமிடக்கணக்கில் ஆகும். அதற்குள் படகு வேலையை முடித்துத் திரும்பியிருக்கும்.

கணக்காகப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். 20 நாட் வேகம் என்றால் வினாடிக்குச் சுமார் 10 மீட்டர். தேடுவிளக்கில் படகு 1500 மீட்டரில் தெரிகிறது, 500 மீட்டரில் டார்பிடோவை விடப்போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் 1000 மீட்டர். கையில் இருப்பது சுமார் 97 வினாடி. நிமிடத்துக்கு ஒரு குண்டு சுடும் பீரங்கிக்கு ஒன்றோ இரண்டோ வாய்ப்பு. நிமிடத்துக்கு 15 குண்டு சுடுவதற்கு 24 வாய்ப்பு. முதல் சில குண்டுகள் எப்படியும் தவறும். அவை விழும் இடத்தைப் பார்த்துத்தான் அடுத்ததைத் திருத்த முடியும். அதனால் அந்த 24 முக்கியம்.

1881-இல் பிரிட்டிஷ் கடற்படை நிமிடத்துக்குக் குறைந்தது 12 முறை சுடும் பீரங்கி வேண்டும் என்று கேட்டதும் இதனால்தான். ஹாட்ச்கிஸ், நோர்டென்ஃபெல்ட் நிறுவனங்கள் முந்திக்கொண்டன. ஹாட்ச்கிஸின் 3 ராத்தல், 6 ராத்தல் பீரங்கிகள் 1880-களின் நடுவிலேயே சேவைக்கு வந்துவிட்டன. இவற்றுக்கு ‘விரைவுப் பீரங்கி’ என்று பெயர்.

விரைவு எங்கிருந்து வருகிறது?

நான்கு விஷயங்கள் சேர வேண்டும். ஒன்று குறைந்தாலும் மற்ற மூன்றும் வீண்.

முதலாவது பித்தளைத் தோட்டாக் கூடு. பழைய பீரங்கியில் குண்டு தனி, துணிப்பையில் மருந்து தனி, பற்றவைக்கும் திரி தனி. ஒவ்வொரு முறையும் சுட்டபின் ஈரத் துடைப்பத்தால் உள்ளே துடைக்க வேண்டும். கனன்றுகொண்டிருக்கும் துணித்துண்டு ஒன்று மிச்சமிருந்தால் அடுத்த மருந்துப்பை கையிலேயே எரியும். பித்தளைக் கூட்டில் மருந்து அடைத்து, அடியில் எரியூட்டியையும் பொருத்திவிட்டால் இந்த வேலை இல்லை. சிறிய அளவுகளில் குண்டும் கூட்டின் வாயிலேயே பொருந்தியிருக்கும், துப்பாக்கித் தோட்டாவைப் பெரிதாக்கியது போல. 4.7 அங்குலம் போன்ற பெரிய விரைவுப் பீரங்கிகளில் கூடும் குண்டும் தனித்தனியாகத்தான் உள்ளே போகும். கூட்டுக்கு இன்னொரு வேலையும் உண்டு. வெடிக்கும்போது பித்தளை விரிந்து குழலின் சுவரோடு ஒட்டிக்கொள்கிறது. வாயு பின்பக்கம் கசியாமல் அடைப்பது அதுதான். அழுத்தம் இறங்கியதும் சற்றே சுருங்கி வெளியே வருகிறது.

இரண்டாவது பின்கதவு. ஹாட்ச்கிஸில் ஓர் எஃகுக் கட்டை செங்குத்தாகச் சறுக்கி இறங்கித் திறக்கும். 12 ராத்தலில் இருப்பது வெட்டுமரைத் திருகு. திருகின் மரையைப் பட்டை பட்டையாக வெட்டி எடுத்திருப்பார்கள், குழலின் உட்பக்க மரையிலும் அப்படியே. வெட்டிய இடம் மரை உள்ள இடத்துக்கு நேராக வந்தால் நேரே உள்ளே நுழையும். சிறிது திருப்பினால் மரைகள் கவ்விக்கொள்ளும். ஒரே நெம்புகோலை ஒரு வீச்சில் இழுத்தால் திருகு கழன்று, பின்வாங்கி, பக்கவாட்டில் திறந்துவிடும்.

மூன்றாவது புகையில்லா மருந்து. கரிமருந்தைப் போட்டு நிமிடத்துக்கு 15 முறை சுட்டால், இரண்டாவது குண்டுக்குப் பிறகு எதிரே வெள்ளைச் சுவர்தான் தெரியும். 1890-களில் கார்டைட் வந்த பிறகுதான் விரைவுப் பீரங்கி உண்மையில் விரைவானது. பழுப்பு நிறத்தில் கயிறு போல இருப்பதால் அந்தப் பெயர். நீலகிரியில் அருவங்காட்டில் உள்ள கார்டைட் தொழிற்சாலை 1903-இல் அமைந்ததே இந்த மருந்துக்காகத்தான். ஊர்க்காரர்களுக்கு இன்றும் அது ‘கார்டைட் ஃபேக்டரி’.

நான்காவது பின்னுதைப்பைத் தாங்கும் பீடம். இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். 5.7 கிலோ குண்டு வினாடிக்குச் சுமார் 680 மீட்டர் வேகத்தில் முன்னே போகிறது. அதே உந்தம் 610 கிலோ குழலைப் பின்னே தள்ளும். மருந்துவாயுவைக் கணக்கில் சேர்க்காமலே வினாடிக்கு 6 மீட்டருக்கு மேல் வருகிறது. அந்தக் குழலை 30 செ.மீ. தூரத்தில் நிறுத்த வேண்டும் என்றால் சராசரியாக 4 டன்னுக்கு மேல் விசை வேண்டும். குழலைத் தளத்தோடு இறுக்கிக் கட்டிவிட்டால் இதைவிடப் பலமடங்கு அடி ஒரே கணத்தில் போல்ட்டுகளில் இறங்கும். அதனால் குழலைத் தொட்டிலில் வைத்துச் சறுக்க விட்டார்கள். குழலோடு சேர்ந்து ஒரு பிஸ்டன், தண்ணீரும் கிளிசரினும் கலந்த உருளைக்குள் ஓடும். திரவம் சின்ன இடுக்கு வழியாகப் பிதுங்கிப் போகும்போது வேகம் அடங்குகிறது. பிறகு சுருள்வில் குழலைப் பழைய இடத்துக்குத் தள்ளிவிடும். கிளிசரின் எதற்கு என்றால், வடகடல் குளிரில் வெறும் தண்ணீர் உறைந்துவிடும்.

குழல் தானாகப் பழைய இடத்துக்கு வருவதால் பீடம் நகர்வதில்லை. ஒவ்வொரு முறையும் புதிதாகக் குறிபார்க்க வேண்டியதில்லை. விரைவின் உண்மையான ரகசியம் இதுதான் என்பேன். பின்கதவு எவ்வளவு வேகமாகத் திறந்தாலும், குறி கலைந்தால் என்ன பயன்?

பீரங்கியைச் சுற்றி நிற்பவர்கள்

ஏற்ற இறக்கத்தைக் கவனித்துச் சுடுபவர் ஒருவர். இடவலம் திருப்புபவர் ஒருவர். தூரம் கேட்டுக் குறிக்கருவியில் எண்ணை வைப்பவர் ஒருவர். பின்கதவுக்கு ஒருவர், குண்டு போட ஒருவர், கீழிருந்து தோட்டா கொண்டுவர இன்னும் இரண்டொருவர். 3, 6 ராத்தல் ஹாட்ச்கிஸில் இதில் பாதி வேலையை ஒரே ஆள் பார்ப்பார். பீரங்கியின் பின்னால் நீளும் தோள்கட்டையில் தோளைக் கொடுத்து, உடம்பாலேயே குழலை ஏற்றி இறக்கித் திருப்பி, கைத்துப்பாக்கி போன்ற பிடியில் விசையை இழுப்பார்.

முறை இப்படிப் போகும். நெம்புகோலை இழுத்துக் கதவைத் திறக்கிறார்கள். திறக்கும் அசைவிலேயே ஒரு கொக்கி காலிக் கூட்டைப் பின்னால் எறிகிறது. கூடு கொதிக்கும். கையில் தடித்த உறை இல்லாதவர் தொட்டால் தோல் உரியும். புதுத் தோட்டாவை ஒரே தள்ளாக, விளிம்பு போய் முட்டும்வரை தள்ள வேண்டும். அரைகுறையாக நின்றால் கதவு மூடாது. மூடியதும் ‘தயார்’ என்ற குரல். குறிபார்ப்பவர் குறுக்குக்கம்பி இலக்கில் பதியும் கணத்தில் சுடுகிறார்.

1000 மீட்டரைக் கடக்கக் குண்டுக்கு ஒன்றரை வினாடிக்குச் சற்று மேல் ஆகும். அதற்குள் 30 நாட் வேகத்தில் குறுக்கே போகும் படகு 25 மீட்டர் நகர்ந்திருக்கும். படகின் நடுவைக் குறிவைத்தால் குண்டு வாலுக்குப் பின்னே தண்ணீரில் விழும். அதற்காகத்தான் குறிக்கருவியில் பக்கவாட்டுத் திருத்தம் ஒன்று தனியாக இருக்கிறது. புதியவர்கள் மறப்பதும் அதைத்தான்.

எங்கெங்கே கோளாறு வரும்?

சுட்டதும் வெடிக்கவில்லை என்றால் உடனே கதவைத் திறக்கவே கூடாது. எரியூட்டி செத்துப்போயிருக்கலாம், அல்லது மருந்து உள்ளே மெதுவாகப் பற்றிக்கொண்டிருக்கலாம். இரண்டாவதாக இருந்து, கதவு திறந்திருக்கும்போது வெடித்தால் பின்னால் நிற்பவர்கள் பிழைக்க மாட்டார்கள். மறுபடி விசையை இழுத்துப் பார்த்து, அப்படியும் வெடிக்காவிட்டால் நிமிடக்கணக்கில் காத்திருந்துதான் திறக்க வேண்டும். எதிரி நெருங்கும்போது இந்தக் காத்திருப்பு எவ்வளவு கொடுமை என்று சொல்ல வேண்டியதில்லை.

கூடு மாட்டிக்கொள்வது அடுத்தது. கீழே போட்டு நசுங்கிய கூடு, பச்சைக் களிம்பேறிய கூடு, உப்புப் பொரிந்த அறை, இவை எல்லாம் காரணம். தோட்டாவைத் துடைத்து வைப்பது அழகுக்காக இல்லை.

உருளையில் திரவம் குறைந்திருந்தால் குழல் கட்டுப்பாடின்றிப் பின்னே வந்து மோதும். வில் தளர்ந்திருந்தால் குழல் முழுதாக முன்னே வராமல் நின்றுவிடும். அப்படி நிற்கிற நிலையில் மறுபடி சுடுவது ஆபத்து. இரண்டையும் கண்டுபிடிக்க எளிய வழி, ஒவ்வொரு முறையும் குழல் எவ்வளவு பின்வாங்குகிறது என்பதைப் பார்ப்பது. அளவு கூடிக்கொண்டே போனால் திரவம் கசிகிறது என்று அர்த்தம்.

குண்டின் இடுப்பில் ஒரு செம்புப் பட்டை இருக்கும். குழலின் உட்சுவரில் சுருளாக ஓடும் பள்ளங்களில் அது பதிந்துதான் குண்டு சுழல்கிறது. கார்டைட் மிகுந்த சூட்டோடு எரிவதால் பள்ளங்கள் தொடங்கும் இடம் முதலில் தேயும். தேய்ந்தால் வேகம் குறைந்து, அதே கோணத்தில் சுட்ட குண்டு முன்னாலேயே விழும். மருந்தறை குளிர்ந்திருந்தாலும் இதே விளைவுதான். அதனால் மருந்தின் வெப்பநிலையைப் பார்த்துத் தூரத்தைத் திருத்துவார்கள். கடல்நீர் புகாதபடி குழல்வாயில் போடும் மூடியைக் கழற்ற மறந்து சுட்டால் குழலே வெடிக்கலாம்.

இருட்டுதான் பெரிய எதிரி

கருவி எல்லாம் சரியாக இருந்தும் கெட்டுப்போவதற்கு 1904 அக்டோபர் 21-22 இரவை விட நல்ல உதாரணம் கிடையாது. ஜப்பானோடு போரிடக் கிழக்கே கிளம்பிய ரஷ்யாவின் பால்டிக் கடற்படை, வடகடலில் டாகர் பேங்க் பகுதியில் போய்க்கொண்டிருந்தது. அந்த ஆண்டு பிப்ரவரியில்தான் ஜப்பானிய டார்பிடோ படகுகள் போர்ட் ஆர்தரில் ரஷ்யக் கப்பல்களை இரவில் தாக்கியிருந்தன. நரம்பெல்லாம் முறுக்கேறி இருந்தது. தேடுவிளக்கு வெளிச்சத்தில் சின்னப் படகுகள் தெரிந்ததும் சுட ஆரம்பித்தார்கள். அவை இங்கிலாந்தின் ஹல் துறைமுகத்து மீன்பிடிப் படகுகள். ‘கிரேன்’ என்ற படகு மூழ்கியது. மீனவர்கள் இறந்தார்கள். ரஷ்யர்கள் சுட்ட குண்டுகள் அவர்களுடைய சொந்த க்ரூசர் ‘அவ்ரோரா’ மீதும் விழுந்து, அதில் இருந்த பாதிரியார் உயிரிழந்தார். 1917 புரட்சியில் பேர் வாங்கிய அதே அவ்ரோராதான். விரைவுப் பீரங்கியின் குணம் இது: ஒரு தவறான முடிவை நிமிடத்துக்கு 15 முறை செயல்படுத்தும்.

பீரங்கி வளர்ந்த கதை

டார்பிடோ சும்மா இருக்கவில்லை. 1900-க்குப் பிறகு அதன் எட்டும் தூரம் சில நூறு மீட்டரிலிருந்து சில ஆயிரம் மீட்டராகக் கூடியது. படகுகளும் டெஸ்ட்ராயர்களாகப் பெருத்து 30 நாட் வேகம் எடுத்தன. மேலே போட்ட கணக்கை மறுபடி போடுங்கள். 2000 மீட்டரில் கண்டு, 1500-இல் டார்பிடோ விடப்பட்டால் கையில் 32 வினாடிதான். எட்டுக் குண்டு. அந்த எட்டில் ஒன்று பட்டாலே கப்பல் நிற்க வேண்டும். 3 ராத்தல் குண்டு டெஸ்ட்ராயரில் ஓட்டை போடும், நிறுத்தாது.

1906-இல் வந்த பிரிட்டிஷ் போர்க்கப்பல் ‘டிரெட்நாட்’ 18 அந்தர் வகைப் பன்னிரண்டு ராத்தல் பீரங்கிகள் 27 வைத்திருந்தது. சிலவற்றைப் பெரிய பீரங்கிக் கூண்டுகளின் கூரைமேலேயே வைத்தார்கள். பெரிய பீரங்கி சுடும்போது அங்கே ஆள் நிற்க முடியாது என்பதைச் சொல்லவும் வேண்டுமா? அடுத்த ‘பெல்லரோஃபான்’ வகையில் 4 அங்குலம் 16 ஆனது. 1914-இல் சேவைக்கு வந்த ‘அயர்ன் டியூக்’ 6 அங்குலத்துக்கே போய்விட்டது. டெஸ்ட்ராயர்களும் 4 அங்குலத்துக்கு மாறின. முதல் உலகப்போரில் பிரிட்டிஷ் கடற்படையின் முதல் குண்டைச் சுட்டது டெஸ்ட்ராயர் ‘லான்ஸ்’, 1914 ஆகஸ்ட் 5 அன்று, 4 அங்குலப் பீரங்கியால். அந்தப் பீரங்கி லண்டன் இம்பீரியல் போர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

பெரிய கப்பலிலிருந்து இறங்கிய சிறியவை குப்பைக்குப் போகவில்லை. வணிகக் கப்பல்களின் பின்தளத்தில் 12 ராத்தல் ஏறியது. தளத்தகடு மெல்லியது என்பதால், அடியில் தூண்களும் தகடுகளும் கொடுத்து வலுவூட்டிய பிறகுதான் பீடத்தை வைக்க முடியும். நீர்மூழ்கி மேலே வந்து சுடத் துணியாமல் இருப்பதற்கே இந்த ஏற்பாடு. ஏனென்றால் நீர்மூழ்கியும் பீரங்கியைத்தான் விரும்பியது. டார்பிடோ விலை கூடியது, ஒரு பயணத்துக்குக் கொண்டுபோக முடிவதும் சிலவே. 1916 ஜூலை-ஆகஸ்டில் ஒரே பயணத்தில் ஜெர்மனியின் யூ-35 நீர்மூழ்கி மத்தியதரைக் கடலில் 54 கப்பல்களை மூழ்கடித்தது. அதற்குச் செலவானது சுமார் 900 பீரங்கிக் குண்டுகளும் வெறும் நான்கு டார்பிடோக்களும்.

6 ராத்தல் ஹாட்ச்கிஸ் தரையிலும் ஏறியது. 1916 செப்டம்பரில் முதன்முதலாகப் போரில் இறங்கிய பிரிட்டிஷ் டாங்கிகளின் பக்கவாட்டில் இருந்தது அதுதான். நீண்ட குழல் மண்ணிலும் மரத்திலும் முட்டியதால் 40 விட்ட நீளத்தை 23 ஆகக் குறைத்தார்கள். வானத்தை நோக்கித் திருப்பியபோது வேறொரு சிக்கல் வந்தது. குழல் செங்குத்தாக நிற்கும்போது சுருள்வில் அதன் முழு எடையையும் மேலே தூக்க வேண்டும். கடல்மட்டத்துக்கு நேராகச் சுட அமைத்த வில்லுக்கு அந்தப் பலம் கிடையாது. விமான எதிர்ப்புக்குத் தனிப் பீடம் தேவைப்பட்டது அதனால்தான்.

சென்னைக்கு வந்த சிறிய பீரங்கி

1914 செப்டம்பர் 22 இரவு ஒன்பதரை மணி வாக்கில், கார்ல் ஃபோன் முல்லர் தலைமையில் ஜெர்மன் போர்க்கப்பல் ‘எம்டன்’ சென்னைத் துறைமுகத்துக்கு எதிரே வந்து தேடுவிளக்கைப் போட்டது. அதில் இருந்தவை 10.5 செ.மீ. பீரங்கிகள் பத்து. நம் சோதனைப்படி, சிறிய வகையின் மேல் எல்லை. சுமார் 130 குண்டுகள். பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்தன. இந்த அளவுப் பீரங்கிக்கு இதைவிடப் பொருத்தமான இலக்கு அமையாது: அசையாதது, மெல்லிய தகடு, உள்ளே எரியும் பொருள். சென்னை உயர்நீதிமன்ற வளாகச் சுவரில் இந்தத் தாக்குதலுக்கு நினைவுக்கல் இருக்கிறது. சாமர்த்தியக்காரரை ‘சரியான எம்டன்’ என்று சொல்லும் வழக்கும் அதற்குப் பிறகு வந்ததுதான்.

அதே பீரங்கிகள் நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவருகே ஆஸ்திரேலிய க்ரூசர் ‘சிட்னி’யை எதிர்த்தன. எம்டன்தான் முதலில் சுட்டது, நன்றாகவும் சுட்டது. தொடக்கத்திலேயே சிட்னியின் தூரமானி ஒன்று போனது. ஆனால் ஒரு பக்கத்துக்கு இரண்டு கப்பலும் ஐந்து பீரங்கிகளைத்தான் திருப்ப முடியும். எம்டனின் குண்டு சுமார் 17 கிலோ, ஐந்தும் சேர்ந்து 85. சிட்னியின் 6 அங்குலக் குண்டு 45 கிலோ, ஐந்தும் சேர்ந்து 225-க்கு மேல். சிட்னி தூரத்தைக் கூட்டிக்கொண்டு சுட்டது. சிட்னியில் நால்வர் இறந்தார்கள். எம்டனில் 130-க்கு மேல். கரைதட்டிய எம்டனிலிருந்து எடுத்த 10.5 செ.மீ. பீரங்கி ஒன்று சிட்னி நகரின் ஹைட் பூங்காவில் நிற்கிறது.